கந்தீசா (இசைத்தொகுப்பு)

கந்தீசா, டெல்லியைச் சேர்ந்த இந்தியன் ஓஷன் என்னும் ராக் இசைக்குழு 2000ஆம் ஆண்டில் டைம்ஸ் மியூசிக் நிறுவனத்தின் வழியே வெளியிட்ட தொகுப்பு. பாட்டைவிட வாத்தியத்தையே நம்பியிருந்த ஒரு சோதனைக் குழு இதன் மூலம்தான் பரவலான ரசிகர்களை அடைந்தது.

கிதார் கலைஞர் சுஷ்மித் சென்னும், தபலா வாசித்தபடியே பாடிய அஷீம் சக்கரவர்த்தியும் 1990இல் இக்குழுவைத் தொடங்கினர். பேஸ் கிதாருடன் ராகுல் ராம் அடுத்து வந்தார். 1994இல் டிரம்ஸ் கலைஞர் அமித் கிலாம் சேர்ந்தார். எச்.எம்.வி. 1993இல் வெளியிட்ட முதல் தொகுப்பிலும், 1997 ஜனவரி 1 அன்று டெல்லியில் சஃப்தர் ஹாஷ்மி நினைவு நிகழ்ச்சி மேடையில் பதிவான ‘டெசர்ட் ரெயின்’ தொகுப்பிலும் பெரும்பகுதி நீண்ட வாத்திய இசையே. ராகச் சாயலில் சுற்றிச் சுழலும் கிதாரைக் கேட்டு வியக்கலாம். கூடச் சேர்ந்து பாடுவதற்கு அங்கே அதிகம் இல்லை.

கந்தீசாவில் அந்த இடத்தைச் சொல் நிரப்பியது. அதுவும் மக்கள் ஏற்கெனவே பாடிவந்த சொல். ‘மா ரேவா’ நர்மதை ஆற்றைத் தாயாகப் போற்றும் நாட்டுப்பாடல். நர்மதை அணை எதிர்ப்பு இயக்கத்தில் ஈடுபட்டிருந்த ராகுல் ராம், அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து அதைக் கொண்டுவந்தார். ‘ஹில்லே லே’ கோரக் பாண்டே போஜ்புரியில் எழுதிய உழைப்பாளர் பாடல். தலைப்புப் பாடலோ, இறைவனை மும்முறை தூயவன் எனத் துதிக்கும் சுரியானி வழிபாட்டுப் பாடல். அரமேயத்தின் கிளையான அம்மொழியைக் கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் காத்துவந்தனர். பொருள் விளங்காத மொழியில் அமைந்த இந்தப் பாடல்தான் குழுவின் அடையாளமானது. எளிமை என்பதை இந்திச் சினிமாப் பாட்டின் அளவுக்கு வெட்டிக்கொள்வதாக அவர்கள் எண்ணவில்லை. பாடல்கள் நீளமாகவே இருந்தன, கிதாருக்குரிய இடமும் குறையவில்லை. ‘லீவிங் ஹோம்’ அதற்குச் சான்று. ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்து மெல்ல உரம் பெறுவதால், முதல்முறை கேட்பவருக்கும் பிடி கிடைத்துவிடுகிறது. தொகுப்பின் உண்மையான சாதனை இந்தக் கட்டமைப்பே.

அனுராக் காஷ்யப்பின் ‘பிளாக் ஃபிரைடே’ படத்துக்கு இக்குழு பின்னர் இசையமைத்தது; அதன் ‘பந்தே’ பாடல் இன்னும் பெரிய கூட்டத்தைச் சேர்த்தது. 2009 டிசம்பர் 25 அன்று அஷீம் காலமானார். அவர் குரல் ஒலிக்கும் ‘16/330 கஜூர் ரோடு’ தொகுப்பைக் குழு 2010இல் இணையத்தில் இலவசமாகவே வழங்கியது. சுஷ்மித் சென் 2013இல் விலகினார். மற்றவர்கள் புதிய கலைஞர்களுடன் தொடர்கின்றனர்.