லண்டனிலிருந்து கப்பலேறிய ஞானஸ்நானத் தொட்டி

லண்டன் டவர் கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் ஆல் ஹாலோஸ் என்ற பழைய தேவாலயம் இருக்கிறது. 1644 அக்டோபர் 23 அன்று, பிறந்து ஒன்பதே நாளான ஒரு குழந்தையை அங்கே தூக்கி வந்தார்கள். தகப்பன் கடற்படை அதிகாரி. தொட்டித் தண்ணீர் பட்டு, 'வில்லியம்' என்ற பெயரோடு குழந்தை வீடு திரும்பியது.

அந்தக் குழந்தைதான் பின்னாளில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென். வளர்ந்ததும் அவர் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்துவிட்டார். குவேக்கர்களிடம் தண்ணீர் ஞானஸ்நானமும் கிடையாது, அபிஷேகம் பெற்ற குருமாரும் கிடையாது. சமய நூல் ஒன்றை எழுதியதற்காக 1668-ல் அவரை டவர் கோட்டையில் அடைத்தார்கள். தான் ஞானஸ்நானம் பெற்ற ஆலயத்தின் பக்கத்திலேயே சிறையிருந்தார்.

1681-ல் பென்சில்வேனியாவுக்காக மன்னர் அவருக்குக் கொடுத்த சாசனத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. குடியேறியவர்களில் 20 பேர் லண்டன் பேராயரிடம் ஒரு குருவானவரைக் கேட்டால், அவர் தடையின்றி வந்து தங்கலாம். அந்த வழியாகத்தான் 1695-ல் குவேக்கர் நகரமான பிலடெல்பியாவில் கிறைஸ்ட் சர்ச் என்ற ஆங்கிலிகன் ஆலயம் பிறந்தது. புதுச் சபைக்கு 1697-ல் ஆல் ஹாலோஸிலிருந்து ஒரு ஞானஸ்நானத் தொட்டி கடல் கடந்து வந்தது. பென்னுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அதே தொட்டி! அவர் வேண்டாம் என்று விட்டுப்போனது, அவர் கட்டிய ஊரைத் தேடி வந்து சேர்ந்தது.

ஆலயம் வளர்ந்த கதை சுருக்கமானது. 1727-ல் தொடங்கிய செங்கல் கட்டடம் 1744-ல் முடிந்தது. லாட்டரி நடத்தித் திரட்டிய பணத்தில் 196 அடி உயரக் கோபுரம் 1754-ல் எழுந்தது. பெஞ்சமின் பிராங்க்ளினின் மகன் பிரான்சிஸுக்கு இங்கேதான் ஞானஸ்நானம் நடந்தது. அவன் நான்கு வயதில் அம்மைநோய்க்குப் பலியானான்.

ஆங்கிலிகன் முறைப்படி ஞானஸ்நானம் கொடுப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: குருவானவர் குழந்தையைக் கையில் வாங்கிப் பெயரைக் கேட்பார். ஞானத்தாய் தகப்பன்மார் பெயரை மட்டும் சொல்வார்கள். குடும்பப் பெயரை அந்த இடத்தில் யாரும் சொல்வதில்லை. தண்ணீர், நெற்றியில் சிலுவை அடையாளம், அவ்வளவுதான். வணிகர் வீட்டுக் குழந்தைக்கும், அந்த வீட்டில் அடிமையாக இருந்தவரின் குழந்தைக்கும் இதே முறைதான். 1758-ல் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கியபோது, அதைக் கவனித்துக்கொண்டவர் இந்த ஆலயத்தின் உதவிக் குருவானவர் வில்லியம் ஸ்டர்ஜன்.

இந்த ஆலயத்தின் குருவானவர்களில் என்னை அதிகம் வருத்துபவர் ஜேக்கப் டுஷே. 1774 செப்டம்பரில் அமெரிக்கக் காலனிகளின் காங்கிரஸ் நடத்திய முதல் கூட்டத்தொடரில் ஜெபம் செய்தவர் அவர். 1776 ஜூலை 4 அன்று அவர் தலைமையில் சேகரக் கமிட்டி கூடி, ஆராதனையில் இனி மன்னருக்காக ஜெபிப்பதில்லை என்று தீர்மானித்தது. ஆலயத்தின் ஜெப புத்தகத்தை எடுத்து மன்னருக்கான வரிகளைப் பேனாவால் அடித்தார்கள். ஞானஸ்நானக் குழந்தைகளைப் போல மன்னருக்கும் அதில் குடும்பப் பெயர் இல்லை, 'ஜார்ஜ்' மட்டும்தான். அந்தப் பெயர்மேல் கோடு விழுந்தது. மைக்கோடு போட்ட அந்தப் புத்தகம் இன்றும் இருக்கிறது. அடுத்த ஆண்டு ஆங்கிலேயப் படை ஊருக்குள் புகுந்து டுஷேயைக் கைது செய்தது. வெளியே வந்தவர், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தைக் கைவிடச் சொல்லுங்கள் என்று வாஷிங்டனுக்கே கடிதம் எழுதினார். துரோகி என்ற பட்டத்தோடு இங்கிலாந்து போய், 1792-ல்தான் ஊர் திரும்பினார். அவரைக் கோழை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அபிஷேகத்தின்போது மன்னருக்கு விசுவாசமாயிருப்பதாகச் சத்தியம் செய்தவர் அவர். இரண்டு விசுவாசங்களுக்கு நடுவே நசுங்கிய மனிதர் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அவருக்குப் பின் வந்த வில்லியம் வைட் 1779 முதல் 1836-ல் இறக்கும்வரை இந்தச் சேகரத்தின் தலைமைக் குருவானவர். அவர் பொறுப்பேற்றபோது அமெரிக்க மண்ணில் ஆங்கிலிகன் பேராயர் யாரும் இல்லை. குருவாக விரும்பிய ஒவ்வொருவரும் லண்டனுக்குக் கப்பலேற வேண்டியிருந்தது. பிற நாட்டவருக்கு மன்னர் பெயரிலான சத்தியம் வேண்டாம் என்று பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் இயற்றிய பிறகு, 1787-ல் லாம்பெத் அரண்மனையில் வைட் பேராயராக அபிஷேகம் பெற்றார். அமெரிக்க ஆங்கிலிகன்களின் புதிய அமைப்பான எபிஸ்கோப்பல் திருச்சபை 1789-ல் தன் சட்டதிட்டங்களையும் புதிய ஜெப புத்தகத்தையும் பிலடெல்பியாவில் வைத்து ஏற்றுக்கொண்டது. 1793-ல் மஞ்சள் காய்ச்சல் ஊரையே காலி செய்தபோதும் வைட் அசையவில்லை.

அந்தக் காய்ச்சலில் நோயாளிகளைப் பராமரிக்கவும் பிணங்களை அடக்கம் செய்யவும் ஆள் திரட்டிய இருவரில் ஒருவர் அப்சலோம் ஜோன்ஸ். அடிமையாகப் பிறந்தவர். 1770-ல் அவருக்குத் திருமணம் நடத்திவைத்தவர் டுஷே. முதலில் உழைத்துச் சேர்த்த பணத்தில் மனைவியை விடுவித்தார். தன் விடுதலை 1784-ல்தான் கிடைத்தது. 1795-ல் வைட் அவரை டீக்கனாக்கினார், பிறகு குருவாகவும் அபிஷேகம் செய்தார். எபிஸ்கோப்பல் திருச்சபையின் முதல் கறுப்பினக் குருவானவர் அவர்.

ஆனால் அவருடைய தூய தோமா சபையைச் சேர்த்துக்கொண்டபோது, திருமண்டலப் பெருமன்றத்தில் அதற்கு இடமில்லை என்று நிபந்தனை போட்டார்கள். தொட்டியருகே எல்லாரையும் பெயர் சொல்லி அழைத்த திருச்சபை, ஓட்டெடுக்கும்போது மட்டும் நிறம் பார்த்தது. அந்தத் தடை விலக 1860-கள் ஆயிற்று. வைட் பெரிய மனிதர்தான். என்றாலும் இந்த அநீதியை அவர் தன் காலத்திலேயே தடுத்திருக்க வேண்டும்.

தொட்டி அனுப்பிய ஆல் ஹாலோஸ் 1940 டிசம்பர் குண்டுவீச்சில் சுவர்களும் கோபுரமும் மட்டும் மிஞ்சும்படி எரிந்தது. திரும்பக் கட்டி 1957-ல் பிரதிஷ்டை செய்தார்கள். பென்னின் ஞானஸ்நானப் பதிவேடு அங்கே பத்திரமாக இருக்கிறது.

பிலடெல்பியா போகிறவர்கள் பெரும்பாலும் சுதந்திர மணியைப் பார்த்ததோடு திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து கிழக்கே நான்கு தெரு நடந்தால் கிறைஸ்ட் சர்ச் வந்துவிடும். உள்ளே போய் அந்தத் தொட்டியைப் பாருங்கள். இன்றைக்கும் அதில்தான் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள்.