நெடுந்தீவுக் குதிரைப் பண்ணையின் அன்றாட வாழ்க்கை

ஈழத்து வரலாற்றில் குதிரையைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் படை, பவனி, வணிகம் என்பவற்றோடு தொடர்புற்றே வருகின்றன. அக்குதிரையை வளர்த்தோரின் அன்றாட உழைப்பு ஆய்வாளரின் கவனத்தை அதிகம் ஈர்க்கவில்லை. போர்த்துக்கேயர் காலம் முதல் பிரித்தானியர் காலம் வரை நெடுந்தீவில் நிலவிய குதிரை வளர்ப்பை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழகமும் ஈழமும் நெடுங்காலம் குதிரைக்குக் கடல்வழி வணிகத்தையே நம்பியிருந்தன. காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே குதிரைகள் வந்தமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவில் பொறிப்பித்த தமிழ்ச் சாசனம் இவ்வகையில் சிறப்பாக நோக்கத்தக்கது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலங்கள் கெட்டால் நாலிலொரு பங்கையும், பிற பண்டம் ஏற்றிய கலங்கள் கெட்டால் சரிபாதியையும் அரச பண்டாரம் கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. குதிரை கொண்டுவரும் வணிகனுக்கு அரசன் காட்டிய இச்சலுகை, குதிரை எத்துணை அருமையான பொருளாயிருந்தது என்பதைப் புலப்படுத்தும். நயினாதீவுக்குத் தெற்கே, அதே கடலில் கிடக்கும் நெடுந்தீவு பிற்காலத்தில் குதிரை பிறக்கும் இடமாக மாறியது.

போர்த்துக்கேயர் இத்தீவைப் 'பசுத்தீவு' என்னும் பொருள்பட வழங்கினர். அவர்கள் விட்டுச்சென்ற குதிரைகள் அங்கே பெருகியிருந்தன. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தருடன் வந்த பால்டேயஸ் பாதிரியார், 1672இல் வெளிவந்த தமது நூலில் இக்குதிரைகளைக் குறிப்பிடுகின்றார். அவை உருவிற் சிறியன. ஆயினும் உரம் மிக்கவை. கல்நிலத்தில் நடக்க ஏற்றவை. அவற்றை நீர்நிலை ஒன்றினுள் விரட்டிச் சுருக்கிட்டுப் பிடிப்பர் என்பதும் அவர் தரும் செய்தியாகும். 1697இல் யாழ்ப்பாணக் கொமாண்டராகிய சுவார்தக்குரோன் எழுதிய அறிக்கையும் தீவுகளில் நிகழ்ந்த குதிரை வளர்ப்பைப் பேசுகின்றது.

இச்செய்திகளிலிருந்து பண்ணையின் இயல்பை ஒருவாறு உய்த்துணரலாம். கடலே இதற்கு வேலியாயிற்று. குதிரைகள் பெரும்பாலும் திறந்த வெளியில் மேய்ந்தன. எனவே மேய்ப்பதினும் நீர் கொடுப்பதே முதன்மையான பணியாக இருந்திருத்தல் வேண்டும். வளர்ந்த குதிரைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 40 லீற்றர் வரை நீர் தேவை. நூறு குதிரைக்கு 30 லீற்றர் வீதம் கணித்தாலும் நாளொன்றுக்கு 3,000 லீற்றர் ஆகும். ஆறில்லாத இச்சுண்ணக்கற் தீவில் மாரிமழை நிரப்பிய குளங்கள் கோடையில் வற்றிவிடும். பின்னர் எஞ்சுவது கிணற்று நீரே. உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கும் அந்நன்னீரை அளவின்றி இறைத்தால் கிணறு உவர்ந்துவிடும். ஆகவே குதிரைக்கு இறைத்த ஒவ்வொரு பட்டை நீரும் குடிமக்களின் குடத்தோடு தொடர்புடையதாயிற்று.

இனவிருத்தி இரண்டாவது பணியாகும். பெண்குதிரை ஏறத்தாழ பதினொரு மாதம் சினை சுமக்கும். ஈன்ற ஒன்பதாம் நாளளவில் மீண்டும் சினைகொள்ளும் பக்குவம் அடையும். குட்டி பிறந்த ஓரிரு மணி நேரத்தில் எழுந்து நிற்கும். திறந்த வெளியில் ஓர் ஆண்குதிரை பல பெண்குதிரைகளைத் தன் கூட்டமாகக் காத்துநிற்கும். நல்லினம் வேண்டுவோர் குறையுள்ள ஆண்குட்டிகளைக் காலத்தில் பிரித்தல் இன்றியமையாதது. நீர்நிலையில் வளைத்துப் பிடித்தல் விற்பனைக்கு மட்டுமன்றி இத்தெரிவுக்கும் வாய்ப்பளித்திருக்கும். ஓடும் கூட்டத்தை மறிக்கவும், சுருக்கிடவும், பிடிபட்டதைப் பழக்கவும் பலர் உழைப்புத் தேவைப்பட்டது.

இவ்வுழைப்பாளர் யாவர்? ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துக் குடிகள் 'ஊழியம்' என்னும் கட்டாய வேலைக்கு உட்பட்டிருந்தனர் என்பது நன்கறிந்த உண்மை. அத்தகைய ஆட்சியில் தீவார் குதிரைக்குச் செய்த பணியை வெறும் கூலிவேலையாகக் கொள்ளுதல் பொருந்தாது. குதிரையின் உயரத்தையும் தரத்தையும் எழுதிவைத்த ஆவணங்கள், அதனைப் பிடித்தவன் பெயரை எழுதவில்லை. அவன் திறமை 'தீவார் பிடிப்பர்' என்ற ஒரு சொற்றொடரில் அடங்கிவிடுகின்றது.

1795இல் யாழ்ப்பாணம் பிரித்தானியர் வசமான பின்னரும் வளர்ப்புத் தொடர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்னும் படையதிகாரி தீவில் தங்கி இதனை மேற்பார்வை செய்தார். தீவைப் பற்றிய எழுத்துக்களில் அவர் பெயர் இன்றும் நிலைத்துள்ளது. பின்னர் அரசு பண்ணையைக் கைவிட்டது, குதிரைகளோ எஞ்சின. லாயம் எனச் சுட்டப்படும் கற்கட்டட எச்சங்களும், தீவின் தெற்கே திரியும் மட்டக்குதிரைகளுமே இன்று அப்பண்ணையின் சான்றுகள். கோடை வறட்சியில் அவற்றுட் சில நீரின்றி மடிவதும் உண்டு.

பண்ணையின் பயனை ஆட்சியாளர் பெற்றனர். அதன் சுமையைத் தீவின் நீரும் தீவாரின் உடலும் தாங்கின. ஆட்சி அகன்றபின் குதிரை அநாதையானதற்கும், அதனை வளர்த்தோர் ஏட்டில் இடம்பெறாததற்கும் காரணம் ஒன்றே: இருவரும் கருவிகளாகவே கருதப்பட்டனர். கிணறுகளையும் மதில்களையும் முதியோர் வாய்மொழிகளையும் முறையாகத் தொகுக்கும் கள ஆய்வே இக்குறையைப் போக்கவல்லது. முதியோர் மறையுமுன் அப்பணி தொடங்கப்படுதல் வேண்டும்.