மறுநாள் காலை

1892 அக்டோபரில் பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் இடையே ஒரு குதிரைப் போட்டி நடந்தது. ஜெர்மானிய ராணுவ அதிகாரிகள் பெர்லினிலிருந்து வியன்னாவுக்கும், ஆஸ்திரிய-ஹங்கேரி அதிகாரிகள் வியன்னாவிலிருந்து பெர்லினுக்கும் போய்ச் சேரவேண்டும். தூரம் ஏறத்தாழ 580 கிலோமீட்டர். வழியில் குதிரையை மாற்றக்கூடாது. ஸ்டார்ஹெம்பெர்க் என்ற ஆஸ்திரியப் பிரபு 71 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு முதலிடம் பெற்றார். அவரைச் சுமந்துவந்த ஆதோஸ் அதன்பின் பிழைக்கவில்லை. அந்தப் போட்டியில் இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகள் செத்தன.

நல்ல நிலையில் வந்துசேரும் குதிரைக்கென்று ஒரு தனிப் பரிசும் அதில் இருந்தது. ஆனால் அது ஓரமாக நின்ற பரிசு. பெரிய பணமும் பேரும் கடிகாரத்தின் பக்கம்தான். நெடுந்தூரக் குதிரை ஓட்டத்தின் பிற்கால வரலாறு என்பது, அந்த ஓரத்துப் பரிசு மெல்ல மெல்ல நடுவுக்கு வந்த கதை.

முதல் நகர்வை ஒரு ராணுவமே செய்தது. 1919இல் அமெரிக்கக் குதிரைப்படை தனக்கு ஏற்ற குதிரை இனத்தைக் கண்டறிய ஒரு சோதனை ஓட்டம் நடத்தியது. ஐந்து நாளில் 300 மைல், நாளொன்றுக்கு 60. ராம்லா என்ற அரபுப் பெண்குதிரை வென்றது. வேகத்தோடு குதிரையின் நிலையும் மதிப்பிடப்பட்டது. இன்று விரட்டினால் நாளை எழுந்திருக்காது, நாளையும் 60 மைல் போயாக வேண்டும். ‘மறுநாள் காலை’ என்பது போட்டிக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

1955இல் வெண்டல் ரோபி கலிபோர்னியாவின் தாஹோ ஏரிப் பகுதியிலிருந்து ஆபர்ன் ஊர்வரை, மலைப்பாதையில் 100 மைலை ஒரே நாளில் கடந்து காட்டினார். அதுவே டெவிஸ் கோப்பைப் போட்டியானது. முதலில் வருபவருக்கு டெவிஸ் கோப்பை. 1964 முதல் ஹாகின் கோப்பை என்று இன்னொன்றும் உண்டு. முதலில் வரும் பத்துக் குதிரைகளில் எது மிகச் சிறந்த உடல்நிலையில் இருக்கிறதோ அதற்கு. தேர்வு நடப்பது மறுநாள் காலையில். ஓட்டத்தின் சூடெல்லாம் தணிந்து, கால் இறுகி, உண்மை வெளியே வரும் நேரம் அது.

இந்தப் போட்டியில் 1973இல் கோர்டி ஐன்ஸ்லி என்பவரின் குதிரை பாதிவழியைத் தாண்டும் முன்பே நொண்டியது. பரிசோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த ஆண்டு அவர் குதிரையே இல்லாமல், தன் காலால் அதே 100 மைலை 23 மணி 42 நிமிடத்தில் ஓடி முடித்தார். மனிதர்கள் ஓடும் நூறு மைல் போட்டிகள் அங்கிருந்துதான் கிளைத்தன என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது 1973தான். ஓடும் மனிதன் ‘முடியல, போதும்’ என்று தானே உட்கார்ந்துவிடலாம். குதிரையால் அதைச் சொல்ல முடியாது. முன்னால் இன்னொரு குதிரை போனால் வலியோடும் பின்னால் ஓடும் மந்தைப் பிராணி அது. அதன் சார்பில் யாரோ ஒருவர் சொல்லியாக வேண்டும்.

அப்படிச் சொல்பவர் சாவடியிலுள்ள கால்நடை மருத்துவர். ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 40 வரை துடிக்கும் இதயம், குறித்த நேரத்துக்குள் 64க்கோ அதற்குக் கீழோ இறங்கியதா என்று பார்க்கிறார். ஈறை அழுத்தி ரத்தம் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்று கவனிக்கிறார். தோலைக் கிள்ளிவிட்டு நீர்வற்றலை அறிகிறார். குடல் சத்தம் கேட்கிறதா என்று காதை வைக்கிறார். கெர்ரி ரிட்ஜ்வே என்ற மருத்துவர் பரப்பிய சோதனை இன்னும் எளிது. துடிப்பை எண்ணிக்கொண்டு, குதிரையைக் கையில் பிடித்து மொத்தம் 250 அடி போய்வர ஓடவிட வேண்டும். தொடங்கி ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ண வேண்டும். துடிப்பு முன்பைவிட ஏறியிருந்தால், வெளியே தெரியாத ஏதோ ஒன்று உள்ளே சரியில்லை.

ஆனால் இவையெல்லாம் ‘இப்போது தொடரலாமா’ என்ற கேள்விக்கான விடைகள். ‘மறுபடி எப்போது போட்டிக்குப் போகலாம்’ என்பது வேறு கேள்வி. அங்கே இதயம் நம்மை ஏமாற்றும். அது சில நிமிடங்களில் தணிந்துவிடும். தசையில் தீர்ந்த சர்க்கரைச் சேமிப்பு நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகும். தசைநாண் கிழிந்திருந்தால் பல மாதம், சில சமயம் ஒரு வருடம். இந்த மூன்று கடிகாரங்களும் ஒன்றாக ஓடுவதில்லை. ஆபத்தான நேரம் நொண்டும் நேரமல்ல. வீக்கமும் சூடும் வடிந்து, நொண்டலும் நின்றபிறகு வருவதுதான் ஆபத்து. ‘நல்லா தின்னுது, துள்ளுது, இனிமே என்ன?’ என்று கேட்கத் தோன்றும். அப்போதும் நாணின் இழைகள் பழைய ஒழுங்குக்குத் திரும்பியிருக்காது. அல்ட்ராசவுண்டில்தான் அது தெரியும். மூச்சு நன்றாக இருக்கும் குதிரை, ஆறாத காலின்மீது முழு வேகத்தையும் போடும்.

இந்த இடத்தில் உரிமையாளரின் கண்ணை நம்ப முடியாது என்பதைச் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு விதியாகவே எழுதியது. ஓடிய தூரத்துக்கேற்ப கட்டாய ஓய்வு நாட்கள். 160 கிலோமீட்டர் ஓடிய குதிரைக்கு ஒரு மாதத்துக்கும் மேல். காயத்தாலோ உடல் தளர்ந்தோ நிறுத்தப்பட்டால் அதற்கு மேலும். விதிகள் இறுகியதற்குக் காரணம் இருந்தது. சமதள மணலில் அசுர வேகத்தில் நடந்த வளைகுடாப் போட்டிகளில் குதிரைகளின் கால்கள் முறிந்தன. 2015இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் குதிரையேற்றச் சங்கத்தையே கூட்டமைப்பு இடைநீக்கம் செய்தது. ஆனால் விதி எழுதியவர்களும் தப்பவில்லை. 2018இல் அமெரிக்காவின் ட்ரையனில் அவர்களே நடத்திய உலகப் போட்டி, வெப்பத்தாலும் புழுக்கத்தாலும் நடுவிலேயே ரத்தானது. ஐம்பதுக்கும் மேற்பட்ட குதிரைகளுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது.

விதி தரும் நாட்கள் குறைந்தபட்சம் மட்டுமே. நாள்காட்டிக்கு நாணின் இழை தெரியாது. ஆனால் அது ஒரு காரியம் செய்கிறது. ஆசை அதிகமாக இருப்பவரின் கையிலிருந்து முடிவை எடுத்து, வெற்றியால் எந்த லாபமும் இல்லாத ஒருவரிடம் கொடுக்கிறது. 1892இல் இல்லாமல் போனது அந்த ஒருவர்தான். எல்லோரும் ஆதோஸின் மீது பந்தயம் வைத்திருந்தார்கள். ஆதோஸின் பக்கம் யாரும் நிற்கவில்லை.