லினக்ஸ் கெர்னலும் இரண்டாவது கம்பைலரும்

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "காங்கேயத்துக்காரர், காளையைப் பற்றி எழுதுங்களேன்" என்றார்கள். காளையைப் பற்றி எழுத எங்கள் ஊரில் என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் நூறு பேர் இருக்கிறார்கள். எனக்குச் சோறு போடுவது லினக்ஸ் கெர்னல். அதற்குள்ளே நம்மவர்கள் அதிகம் கேள்விப்படாத ஒரு சரித்திரம் இருக்கிறது. சிவில், மெக்கானிக்கல் படித்த நண்பர்களும் படிக்கும்படி எழுத முயல்கிறேன். கம்ப்யூட்டர் சயன்ஸ்காரர்கள் இரண்டு பாராவுக்குப் பொறுத்துக்கொள்ளவும்.

கெர்னல் என்பது மெஷினுக்கும் நாம் ஓட்டும் ப்ரோகிராம்களுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஆசாமி. பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர் மாதிரி. எந்த ப்ரோகிராம் எப்போது ஓடலாம், யாருக்கு எவ்வளவு மெமரி, டிஸ்க்கை யார் தொடலாம் என்பதெல்லாம் அவர் கையில். ஆண்ட்ராய்டு போன், பெரிய பெரிய சர்வர்கள், வீட்டு வை-ஃபை பெட்டி என்று பலவற்றுக்குள்ளும் இருப்பது லினக்ஸ் கெர்னல்தான். அதை எழுதுவது பெரும்பாலும் சி மொழியில். மெஷினுக்கோ சி தெரியாது. சியை மெஷின் பாஷைக்கு மாற்றித் தருவது கம்பைலர். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் சோர்ஸ் கோடு கொப்பரை, கம்பைலர் செக்கு, கிடைப்பது எண்ணெய்.

நல்ல கொப்பரை என்றால் எந்தச் செக்கில் போட்டாலும் எண்ணெய் வரணுமில்லீங்களா? லினக்ஸ் கெர்னல் விஷயத்தில் ஏறக்குறைய இருபத்தைந்து வருடம் அப்படி வரவில்லை. ஒரே ஒரு செக்குக்குத்தான் அது படிந்தது. அந்தச் செக்கின் பெயர் ஜிசிசி.

இதற்குக் காரணம் நன்றிக்கடன் என்றே சொல்லலாம். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983ல் குனு திட்டத்தை அறிவித்தார். 1987 மார்ச்சில் ஜிசிசியின் முதல் வெளியீடு வந்தது. காசில்லாமல் கிடைத்த, சோர்ஸையும் சேர்த்துக் கொடுத்த கம்பைலர். 1991 ஆகஸ்ட் 25ம் தேதி லினஸ் டோர்வால்ட்ஸ் என்கிற ஹெல்சின்கி மாணவர், தான் ஓர் ஆபரேடிங் சிஸ்டம் எழுதுவதாக அறிவித்தபோதே ஜிசிசி 1.40 அதில் ஓடுகிறது என்றும் சொல்லிவிட்டார். ஜிசிசி இல்லாவிட்டால் லினக்ஸ் பிறந்திருக்காது என்பது என் அபிப்பிராயம். கையில் காசில்லாத மாணவனுக்கு வேறு எந்தக் கம்பைலர் கிடைத்திருக்கும்?

ஆனால் ஜிசிசி பேசும் சி, நாம் பாலகுருசாமி புத்தகத்தில் படித்த சி அல்ல. அது ஒரு வட்டார வழக்கு. "அக்கட்டால வெச்சிருங்க", "பொழுதோட வர்றேன்", "ஒறம்பரை வந்திருக்காங்க" என்று நாம் பேசினால் சென்னை நண்பர் முழிப்பார். இலக்கணம் அவருக்கும் தெரியும். வழக்குதான் தெரியாது. கெர்னல் எழுதியவர்கள் ஜிசிசி கொடுத்த வசதிகளையெல்லாம் அள்ளி அள்ளிப் போட்டு எழுதினார்கள். ஒரு சூத்திரத்துக்குள்ளேயே நாலு வரி ப்ரோகிராம் எழுதலாம். ஸ்ட்ரக்சருக்கு நடுவே, ஓடும்போது நீளம் தெரியும் அர்ரே வைக்கலாம். சிக்கு நடுவில் அசெம்ப்ளியைச் செருகலாம். இவற்றில் சில எங்கும் எழுதிவைக்கப்படாத வழக்கங்கள். ஜிசிசி அப்படிச் செய்யும், எனவே நாமும் நம்பலாம் என்ற அளவில் நின்றவை.

வேறு செக்கில் ஆட்டிப் பார்க்க ஆசைப்பட்டவர்கள் அவ்வப்போது வந்தார்கள். ஃப்ரான்ஸ் நாட்டு ஃபாப்ரிஸ் பெல்லார்டு 2004ல் காட்டியது கிட்டத்தட்ட வித்தை. டிசிசி என்ற தன்னுடைய குட்டிக் கம்பைலரை பூட் லோடருக்குள்ளேயே வைத்தார். மெஷினை ஆன் செய்ததும் அது சோர்ஸைப் படித்து, கெர்னலை அங்கேயே கம்பைல் செய்து, பூட் ஆகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ல் 15 செகண்டுக்குள் முடிந்தது. கெர்னல் சோர்ஸை அங்கங்கே திருத்த வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

நிலைத்து நின்ற மாற்று அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. இங்கே நம் நாட்டுப் பெயர் ஒன்று வருகிறது. 1987ல் பம்பாய் ஐஐடியில் பி.டெக். முடித்த விக்ரம் அட்வே அங்கே பேராசிரியர். அவரும் அவருடைய மாணவர் கிறிஸ் லாட்னரும் 2000ல் தொடங்கியது எல்எல்விஎம். கம்பைலரின் பின்பாதியைத் தனித்தனி உதிரிப் பாகங்களாக, யாரும் எடுத்து மாட்டிக்கொள்ளும்படி செய்த வேலை அது. 2007ல் ஜான் கிரிஸ்வெல், ஆண்ட்ரூ லென்ஹார்த், தினகர் துர்ஜாட்டி, விக்ரம் அட்வே நால்வரும் லினக்ஸ் 2.4.22 கெர்னலையே எல்எல்விஎம் வழியாகக் கொண்டுபோய், அதைப் பாதுகாப்பாக ஓட்டும் முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஆனால் சியைப் படிக்கும் முன்பாதி அப்போதும் ஜிசிசியிடமிருந்து இரவல் வாங்கியதுதான். பம்பாய் ஐஐடியிலேயே பேராசிரியர் உதய் கேட்கர் ஜிசிசியின் உள்வேலையைச் சொல்லிக் கொடுக்க ஒரு மையம் நடத்தினார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கம்பைலர் என்றாலே ஓடிப்போன நம் தலைமுறைக்கு அந்தப் பாடங்கள் பெரிய உபகாரம்.

அந்த முன்பாதியை ஆப்பிள் கம்பெனி எழுதியது. லாட்னர் 2005ல் அங்கே சேர்ந்தார். 2007ல் க்ளாங் என்ற பெயரில் அது ஓப்பன் சோர்ஸாக வெளிவந்தது. அதே வருடம் ஜிசிசி தன் லைசென்ஸை ஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்கு மாற்றியது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு ஆபரேடிங் சிஸ்டத்தாருக்கு அந்த லைசென்ஸ் ஒத்துவரவில்லை. பழைய ஜிசிசி 4.2.1லேயே நின்றுவிட்டு, மெல்ல மெல்ல க்ளாங்குக்கு நகர்ந்து, 2014 ஜனவரியில் வந்த 10.0ல் மாற்றத்தை முடித்துக்கொண்டார்கள். ஆக, ஒரு முழு கெர்னலை க்ளாங்கில் கட்டலாம் என்பது நிரூபணமாகிவிட்டது. லினக்ஸுக்கு மட்டும் வழக்குத் தகராறு தீரவில்லை.

2010 அக்டோபரில் ப்ரைஸ் லெல்பாக் என்பவர், க்ளாங்கில் கட்டிய லினக்ஸ் பூட் ஆகி, நெட்வொர்க்கும் திரையும் வந்துவிட்டதாக அறிவித்தார். பிறகு பெஹான் வெப்ஸ்டர் தலைமையில் எல்எல்விஎம்-லினக்ஸ் என்ற குழு பேட்ச் மேல் பேட்ச்சாக அனுப்பிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில்தான் சண்டை சுவாரஸ்யமானது. யார் மாற வேண்டும்? கெர்னல்காரர்கள், "உங்கள் கம்பைலர் எங்கள் பாஷையைக் கற்றுக்கொள்ளட்டும்" என்றார்கள். க்ளாங்காரர்கள், "ஸ்ட்ரக்சருக்குள்ளே நீளம் மாறும் அர்ரே எந்த ஸ்டாண்டர்டிலும் கிடையாது, நாங்கள் செய்ய மாட்டோம்" என்றார்கள். கடைசியில் அந்த விஷயத்தில் கெர்னல்தான் இறங்கி வந்தது. 2014ல் க்ரிப்டோ பகுதிகளில் அந்த அர்ரேக்களைக் களையத் தொடங்கினார்கள். 2018 டிசம்பரில் வந்த 4.20ல், ஸ்டாக்கை மீறிப்போகும் ஆபத்து உள்ளது என்று ஓடும்போது நீளம் மாறும் அர்ரேக்களையே கெர்னலிலிருந்து ஒழித்துவிட்டார்கள். மாற்றுக் கம்பைலர்காரன் முதலில் முரண்டு பிடித்தது நியாயம்தான் என்று ஆயிற்று.

இன்னொரு விஷயத்தில் க்ளாங் இறங்கி வந்தது. அசெம்ப்ளிக்குள்ளிருந்து நேராகச் சியின் ஒரு லேபிளுக்குத் தாவும் வசதிக்கு "ஏஎஸ்எம் கோட்டோ" என்று பெயர். 2010ல் ஜிசிசி 4.5ல் வந்தது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் ஓட்டை வெளிவந்து உலகமே பதறியது ஞாபகம் இருக்கலாம். ப்ராசஸர் ஊகம் செய்து தாவும் இடங்களைத் தவிர்க்க, இந்த வசதி கட்டாயம் வேண்டும் என்று 4.17லிருந்து எக்ஸ்86 கெர்னல் சொல்லிவிட்டது. க்ளாங்கில் அது இல்லை. ஒரே நாளில் க்ளாங்கால் எக்ஸ்86 கெர்னலைக் கட்ட முடியாமல் போயிற்று. அதை எழுதி முடித்து எல்எல்விஎம் 9 வெளிவந்தது 2019 செப்டம்பரில். நிக் டெசால்னியர்ஸ், நேதன் சான்ஸலர் போன்றவர்கள் அந்தக் காலத்தில் பார்த்த வேலை, வெளியில் தெரியாத கூலி வேலை. ஒவ்வொரு வார்னிங்காக எடுத்து, அது கெர்னல் தவறா, கம்பைலர் தவறா என்று பார்த்து, இரண்டு பக்கமும் எழுதிப்போட்டு வாதாடுவது. நம்மூரில் இதற்குப் பஞ்சாயத்து என்று பெயர்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ஏஎஸ்எம் கோட்டோ வழியாக மதிப்பையும் வெளியே கொண்டுவரும் வசதி 2020ல் முதலில் வந்தது எல்எல்விஎம் 11ல். ஜிசிசி அடுத்த வருடம் தன் 11ம் பதிப்பில் அதைச் சேர்த்தது. சிஷ்யன் வாத்தியாருக்குப் பாடம் எடுத்த மாதிரி.

இவ்வளவு பாடு எதற்கு? வேகத்துக்காக என்று பலர் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து அது சின்ன காரணம். பெரிய காரணம் பாதுகாப்பு. 2017ல் வந்த கூகுள் பிக்ஸல் 2 போனின் கெர்னல் க்ளாங்கில் கட்டியது. 2018ல் பிக்ஸல் 3ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கெர்னலில் ஒரு ஃபங்ஷனின் முகவரியை வைத்துக்கொண்டு அதைக் கூப்பிடும் இடங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. திருடன் அந்த முகவரியை மாற்றினால் கெர்னல் அவன் சொன்ன இடத்துக்குப் போகும். அப்படிக் கூப்பிடும் ஒவ்வொரு இடத்திலும், போகும் இடம் சரியான வகையைச் சேர்ந்ததுதானா என்று பார்க்கும் காவலைக் கம்பைலரே வைத்துவிடுகிறது. இது க்ளாங்கில் இருந்தது. ஆர்ம் 64-பிட் மெஷின்களுக்கு 2021ல் லினக்ஸ் 5.13 வழியாக எல்லோருக்கும் கிடைத்தது.

இரண்டாவது, ஒரு கம்பைலர் கண்ணுக்குத் தப்பியது இன்னொன்றின் கண்ணில் படும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஸ்பின்னிங் மில்களுக்கு, நூல் அறுவதை எண்ணும் பெட்டி செய்தோம். உள்ளே லினக்ஸ் போர்டு. போர்டு கொடுத்த கம்பெனி (பெயர் வேண்டாம்) தன் டிரைவரோடு பழைய ஜிசிசி ஒன்றையும் கொடுத்து, இதைத் தவிர வேறெதிலும் கட்டக்கூடாது என்றது. மாதம் ஒருமுறை, நைட் ஷிஃப்டில், காரணமில்லாமல் பெட்டி நின்றுவிடும். ஃபிட்டர் அண்ணன் போன் போட்டு, "ஏனுங்க, உங்க டப்பா மறுக்கா படுத்துருச்சுங்க" என்பார். போர்டுக்காரர்கள் கரண்ட் சரியில்லை என்றார்கள். மில்காரர் ஸ்டெபிலைசர் வாங்கினார். அப்போதும் நின்றது. பிறகு டிரைவரைப் புதிய கெர்னலுக்கு மாற்றி க்ளாங்கில் கட்டியபோது, ஒரு வரியைச் சுட்டிக்காட்டி ஒரு வார்னிங் வந்தது. பிழை நேரும் ஒரு பாதையில் மட்டும், மதிப்பே போடாத வேரியபிளைத் திருப்பி அனுப்புகிறாய் என்று. ஒரு பூஜ்யம் போட்டோம். அதற்குப் பிறகு ஃபிட்டர் அண்ணன் பொங்கலுக்கு மட்டுமே போன் செய்தார். ஜிசிசிக்கும் இதைக் கண்டுபிடிக்கும் வார்னிங் உண்டு. பொய் அலாரம் அதிகம் என்று 2020ல், 5.7ல், கெர்னல்காரர்கள் வழக்கமான பில்டில் அதை நிறுத்திவிட்டார்கள்.

மூன்றாவது காரணம் கொஞ்சம் தத்துவார்த்தமானது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சனின் டூரிங் விருதுப் பேச்சு 1984ல் வெளியாயிற்று. அதில் அவர் ஒரு குண்டைப் போட்டார். லாகின் ப்ரோகிராமைக் கம்பைல் செய்யும்போது கள்ளச்சாவி வைக்கும்படியும், கம்பைலர் தன்னையே கம்பைல் செய்யும்போது அந்தத் தந்திரத்தை மறுபடி செருகும்படியும் ஒரு கம்பைலரைக் கெடுத்துவிட்டால், அப்புறம் சோர்ஸில் அதன் தடமே இருக்காது. நீங்கள் வரி வரியாகப் படித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. டேவிட் வீலர் என்பவர் 2009ல் இதையே டாக்டர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டு ஒரு பரிகாரம் சொன்னார். சந்தேகப்படும் கம்பைலரின் சோர்ஸை, சம்பந்தமில்லாத வேறொரு கம்பைலரில் கட்டு. வந்ததைக் கொண்டு அதே சோர்ஸை மறுபடி கட்டு. கடைசியில் வருவது, சந்தேகப்படும் கம்பைலர் தன்னைத் தானே கட்டியதோடு பிட்டுக்குப் பிட் ஒத்துப்போக வேண்டும். ஒரு மண்டித் தராசில் போட்ட மூட்டையை அடுத்த மண்டியில் போட்டுப் பார்ப்பது மாதிரி. ஊரில் ஒரே தராசு என்றால் யாரிடம் போய்ப் பார்ப்பது?

இன்றைக்கு யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். லினக்ஸ் 5.7லிருந்து "மேக்" என்ற கட்டளையோடு "எல்எல்விஎம்=1" என்று சேர்த்தால் போதும், முழுக் கெர்னலும் அந்தப் பக்கத்துக் கருவிகளாலேயே கட்டப்படும். டாஸ் பெட்டிக்குள் டர்போ சி ஓட்டிப் படித்த நமக்கு இது வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். கல்லூரி லேபில் இருக்கும் தம்பி தங்கைகள் இரண்டு வழியிலும் கட்டி, வரும் வார்னிங்குகளை ஒப்பிட்டுப் பார்த்தாலே ஒரு செமஸ்டர் ப்ராஜெக்ட் ஆகும்.

2022 டிசம்பரில் வந்த 6.1லிருந்து கெர்னலுக்குள் ரஸ்ட் என்ற மொழியும் நுழைந்திருக்கிறது. அதன் கம்பைலர் எல்எல்விஎம்மின் மேல் உட்கார்ந்திருப்பது. ஜிசிசிகாரர்கள் தங்கள் ரஸ்ட் கம்பைலரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள், கெர்னலைக் கட்டும் அளவுக்கு இன்னும் வரவில்லை. ரஸ்ட் பகுதியைப் பொறுத்தவரை இப்போது மாற்றுச் செக்கு ஜிசிசி.