கள்ளுக்கடையை மூட வந்த வரி

பி.காம் வகுப்பில் மறைமுக வரி பாடம் நடக்கும்போது, விற்பனை வரி எங்கிருந்து முளைத்தது என்று யாரும் கேட்பதில்லை. ஜி.எஸ்.டி. வந்த பிறகு அது பழைய சிலபஸ் வேறு. ஆனால் அதன் கதை எங்க ஊர்க்காரர் ஒருவரிடமிருந்து ஆரம்பிக்கிறது. அதுவும் கள்ளுக்கடையிலிருந்து!

ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளி. 1878ல் ராஜாஜி பிறந்த ஊர். அவர் பிறந்த வீடு இப்போது நினைவு இல்லம். மது ஒழிப்பு அவருக்குப் பதவிக்கு வந்தபின் தோன்றிய யோசனை இல்லை. திருச்செங்கோடு பக்கம் காந்தி ஆசிரமம் நடத்தியபோதே, 1929ல், இதற்காகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை கொண்டு வந்தார். அதில் வேலை பார்த்தவர் கல்கி.

1937ல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார் (அப்போது முதலமைச்சருக்கு அதுதான் பெயர்). அக்டோபர் 1ந் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு. ஓசூர், கிருஷ்ணகிரி இரண்டும் அன்றைக்குச் சேலம் மாவட்டம்தான். தர்மபுரி பிரிந்தது 1965ல், கிருஷ்ணகிரி 2004ல். ஆக, மாகாணத்திலேயே முதலில் கடை மூடிய ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று. ஆனால் சில மைல் நடந்தால் மைசூர் சமஸ்தானம். ராஜாஜியின் சட்டம் அங்கே செல்லாது. எல்லையின் வேலை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

இப்போது கணக்குக்கு வருவோம். கள்ளுக்கடை, சாராயக்கடை லைசென்ஸை அரசு ஏலம் விடும். ஏலத்தொகை அரசுக்கு. கள் இறக்கும் மரத்துக்குத் தனி வரி. கடையை மூடினால் இந்த வரவு மொத்தமும் போச்சு. அந்த ஓட்டையை எப்படி அடைப்பது? ராஜாஜி கண்டுபிடித்த வழிதான் 1939ல் வந்த பொது விற்பனை வரிச் சட்டம். வியாபாரிகள் கொதித்தார்கள். வீதம் என்னவோ விற்றுமுதலில் அரை சதவீதம்தான்! அப்புறம் மற்ற மாகாணங்களும் இதைப் பிடித்துக்கொண்டன.

ராஜாஜி ஆட்சியை விட்டுப் போனபின், யுத்த காலத்தில், 1943ல் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. கடைகள் திரும்பின. வரி மட்டும் போகவில்லை. 1948ல் மாகாணம் முழுக்க மறுபடி மதுவிலக்கு. 1971ல் கருணாநிதி அரசு நிதி நெருக்கடியைச் சொல்லி அதைத் தளர்த்தியது. வேண்டாம் என்று கேட்க, 92 வயதில் கொட்டும் மழையில் ராஜாஜி கருணாநிதி வீட்டுக்கே போனார். பலன் இல்லை. அடுத்த வருஷம் டிசம்பரில் காலமானார். 1974ல் மறுபடி மூடல், 1981ல் மறுபடி திறப்பு, 1983ல் மொத்த விற்பனைக்கு டாஸ்மாக். 2003 நவம்பரில் சில்லறைக் கடையும் அதன் கைக்கே வந்தது. லைசென்ஸ் கொடுக்கிறவரே கடைக்காரரும் ஆனார்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. விற்பனை வரியின் வாரிசான வாட் பெரும்பாலான பொருட்களிலிருந்து போய்விட்டது. மாநிலத்தின் கையில் மிச்சம் இருப்பதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று பெட்ரோல், டீசல். இன்னொன்று மது! மதுக்கடையை மூடுவதற்காகப் பிறந்த வரி, இன்றைக்கு மதுவை நம்பிப் பிழைக்கிறது. இதை எந்த டெக்ஸ்ட்புக்கிலும் நான் பார்க்கவில்லை.

2023ல் மாநாட்டு அரங்கம், திருமண மண்டபம், விளையாட்டு மைதானம் ஆகியவற்றுக்கு விசேஷ நாட்களுக்கான லைசென்ஸ் தரலாம் என்று விதியைத் திருத்தினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் திருமண மண்டபத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். சிப்காட் கம்பெனிகள் நிறைந்த எங்க ஊருக்கு, வியாபாரக் கண்ணோடு பார்த்தால், இது பிசினஸ்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆனால் லைசென்ஸைக் கூட்டுவதோ குறைப்பதோ, எல்லைக்கு ஒரு பக்கம் மட்டும் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. 2007 ஜூலையில் கர்நாடகா சாராயத்தைத் தடை செய்தது. ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 2008 மே மாதம் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் பெங்களூர், ஆனேக்கல், ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் 150 பேருக்கு மேல் கொன்றது. பெரும்பாலும் கூலிக்காரர்கள். மலிவாகக் கிடைத்ததைக் குடித்தவர்கள். தடை போட்டது பெங்களூரில், பிணம் விழுந்தது எங்கள் பக்கமும்தான்.

மாநாட்டு அரங்கத்துக்கு லைசென்ஸ் கேட்கிறவர் வேறு, அந்த 150 பேர் வேறு என்பது எனக்கும் தெரியும். ஆனால் கூட்டினாலும் குறைத்தாலும் எங்கள் ஊரைக் கேட்டு யாரும் செய்வதில்லை. இன்றைக்கும் ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளியில் கால் வைத்தால் தனியார் ஒயின்ஷாப், பார், வேறு விலை, வேறு லைசென்ஸ். டவுன் பஸ்ஸில் போய் வந்துவிடலாம்.