'குட்டி யாழ்ப்பாணம்' ஆவதற்கு முன்பிருந்த வெள்ளவத்தை

கொழும்பு 6 என்ற அஞ்சல் முகவரிக்குரிய வெள்ளவத்தையைப் புலம்பெயர்ந்து வாழும் நம்மவரிற் பலர் 'குட்டி யாழ்ப்பாணம்' என்றே அறிவர். அது பிற்காலத்துப் பெயர். சிங்களத்தில் 'வெல்ல' என்பது கடற்கரை மணல். 'வத்த' என்பது தோட்டம். மணற்றோட்டமாகக் கிடந்த இப்புறநகரைப் புகையிரதப் பாதையும் காலி வீதியும் கோட்டையுடன் இணைத்தன. ஆயினும், இதற்குத் தனி முகம் ஒன்றை முதலில் அளித்தது ஹவ்லொக் வீதிப் பக்கமிருந்த நூற்றல் நெசவு ஆலையே என்பது எனது கருத்து.

நாட்டின் மிகப்பெரிய நெசவாலையாக விளங்கிய அங்கே, 1930களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 1,400 பேர் வேலை செய்தனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் இந்திய வம்சாவளியினர், பெரும்பாலும் மலையாளிகள். 1933ஆம் ஆண்டு அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, கொழும்புத் தொழிலாளரின் தனிப்பெருந் தலைவராகக் கருதப்பட்ட ஏ. ஈ. குணசிங்க அவர்களுக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றார். 1923 பொது வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய அதே குணசிங்கதான்! வேலையின்மை பெருகிய அந்த ஆண்டுகளில் இந்தியத் தொழிலாளருக்கெதிரான பிரசாரத்திற்கு அவர் துணைபோயிருந்தார். ஆலைத் தொழிலாளர் இளம் இடதுசாரிகளை நாடினர். கொல்வின் ஆர். டி சில்வா அவர்களின் சங்கத்திற்குத் தலைவரானார். 1935 டிசம்பரில் உதயமான லங்கா சமசமாஜக் கட்சியின் முதல் தலைவரும் அவரே. இடதுசாரி இயக்கத்தின் தொட்டில்களுள் ஒன்று வெள்ளவத்தை என்பதை நம்மவர் அதிகம் பேசுவதில்லை.

அரச உத்தியோகத்தின் பொருட்டு வடக்கிலிருந்து வந்தோர் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் குடியேறினர். இராமகிருஷ்ண மிஷன், உருத்திரா மாவத்தையிற் சைவ மங்கையர் வித்தியாலயம், 57ஆவது ஒழுங்கையிற் கொழும்புத் தமிழ்ச் சங்கம் என்று நிறுவனங்கள் வேரூன்றின. 1942இல் தொடங்கப்பெற்ற தமிழ்ச் சங்கத்தின் நூலகமும் மண்டபமும் இன்றுவரை தமிழ்க் கொழும்பின் பொதுமுற்றமாக இருந்துவருகின்றன.

1958, 1977 ஆகிய ஆண்டுகளின் வன்முறைகளையும் இப்பகுதி கண்டது. 1983 யூலையிற் கடைகளும் வீடுகளும் எரிந்தன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமாயிற்று. பல்லாயிரக்கணக்கானோர் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குச் சென்றனர். இத்துடன் வெள்ளவத்தையின் தமிழ் வாழ்வு முடிந்ததென எண்ணியோர் உண்டு. நடந்ததோ மறுதலை. 1995இன் யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பின்னர், போர் துரத்திய மக்கள் இங்கேயே வந்து சேர்ந்தனர். வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தோர், வைத்தியத்திற்கு வந்த முதியோர், தொழில் தேடிய இளைஞர் என லொட்ஜுகள் நிரம்பின. பழைய வீடுகள் இருந்த காணிகளில் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. பொலிஸ் பதிவுத் துண்டு, அடையாள அட்டைக்கு அடுத்த ஆவணமாயிற்று.

2007 யூன் 7ஆந் திகதி அதிகாலை, வெள்ளவத்தை உள்ளிட்ட கொழும்புப் பகுதிகளின் லொட்ஜுகளிற் புகுந்த பொலிஸார், 376 தமிழர்களைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பினர். தகுந்த காரணமின்றித் தலைநகரிற் தங்கியிருந்தார்கள் என்பதே கூறப்பட்ட குற்றம். சொந்த நாட்டின் தலைநகரிலே தங்குவதற்குக் காரணம் காட்ட வேண்டுமாம்! 1933இல் ஆலைத் தொழிலாளியிடம் 'நீ ஏன் இங்கு வந்தாய்?' என்று கேட்கப்பட்ட கேள்வியே, எழுபத்து நான்கு ஆண்டுகளின் பின்னர் லொட்ஜ் அறைக் கதவைத் தட்டியது. இம்முறை கேட்டது அரசு.

மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின்மீது, மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடையுத்தரவு பிறப்பித்தது. பிரதமர் இரத்தினசிறி விக்கிரமநாயக்க அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தார். அனுப்பப்பட்டோரில் ஒரு பகுதியினர் மீண்டும் கொழும்புக்கு அழைத்துவரப்பட்டனர்.

ஆலை இருந்த நிலத்தில் இப்போது 'ஹவ்லொக் சிட்டி' அடுக்குமாடிகள் நிற்கின்றன.