சுயநிர்ணயமும் இருபது மில்லியன் டொலரும்

சுயநிர்ணய உரிமை என்ற சொல்லை எம்மில் அநேகர் பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை. துண்டுப்பிரசுரங்களிலும் கூட்டங்களிலும்தான் அறிந்துகொண்டோம். லெனின் சொன்னது என்று ஒரு சாராரும், அமெரிக்க ஜனாதிபதி வூட்ரோ வில்சன் சொன்னது என்று இன்னொரு சாராரும் மேற்கோள் காட்டுவர். லெனினைப் பற்றி நிறையவே விவாதித்துவிட்டோம். ஆனால் வில்சன் அச்சொல்லை உச்சரித்தபோது அவரது நாட்டின் கையில் எவருடைய நிலங்கள் இருந்தன என்பதை நாம் அதிகம் பேசியதில்லை.

1898 பெப்ரவரி 15 இல் ஹவானா துறைமுகத்தில் 'மெயின்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் வெடித்துச் சிதறியது. ஏறத்தாழ 260 பேர் மாண்டனர். காரணம் நிரூபிக்கப்படுமுன்னரே பத்திரிகைகள் ஸ்பெயினைக் குற்றவாளியாக்கிவிட்டன. ஏப்ரலில் யுத்தம் மூண்டது. கியூபாவை விடுவிப்பதே நோக்கம் என்றார்கள். ஆனால் முதலாவது பெருஞ்சண்டை உலகின் மறுபக்கத்தில், மணிலா விரிகுடாவில், மே 1 அன்று நடந்தது. ஸ்பானியக் கடற்படை ஒரு காலைப்பொழுதில் அழிந்துபோயிற்று.

பிலிப்பைன்ஸ் மக்கள் 1896 இலிருந்தே ஸ்பெயினுக்கெதிராகப் போராடிக்கொண்டிருந்தவர்கள். 1898 ஜூன் 12 இல் அகினால்டோ தலைமையில் சுதந்திரப் பிரகடனமும் செய்தனர். ஆகஸ்ட் 13 இல் மணிலா வீழ்ந்த விதம் கவனத்துக்குரியது. சரணடைவதானால் அமெரிக்கரிடமே சரணடைவோம் என்பது ஸ்பானியத் தளபதிகளின் நிலைப்பாடு. ஆகவே இரு தரப்பும் முன்கூட்டியே பேசிவைத்து ஒரு போலிச் சண்டையை நடத்தின. நகரைச் சுற்றி நின்ற பிலிப்பைன்ஸ் போராளிகள் உள்ளே விடப்படவில்லை. டிசம்பரில் பாரிஸில் உடன்படிக்கை எழுதப்பட்டபோது அவர்களது தூதர் அகொன்சில்லோவும் வெளியிலேதான் நின்றார். உள்ளே, இருபது மில்லியன் டொலருக்கு அவரது நாடு கைமாறிற்று. புவேர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அதே உடன்படிக்கையில் அமெரிக்காவுக்குப் போயின.

1899 பெப்ரவரி 4 இல் 'விடுவித்தவர்களுக்கும்' 'விடுவிக்கப்பட்டவர்களுக்கும்' இடையே யுத்தம் தொடங்கியது. 1902 இல் முடிந்ததாக அறிவிக்கப்படும்வரை 4,200 வரையான அமெரிக்கப் படையினரும் 20,000 வரையான பிலிப்பைன்ஸ் போராளிகளும் இறந்தனர். சண்டையாலும் பஞ்சத்தாலும் கொள்ளைநோயாலும் இறந்த பொதுமக்கள் இரண்டு இலட்சம் வரை எனக் கணிக்கப்படுகிறது. சாமார் தீவில் பத்து வயதுக்கு மேற்பட்ட, ஆயுதம் தாங்கக்கூடிய எல்லோரையும் கொல்லுமாறு கட்டளையிட்ட ஜெனரல் ஜேக்கப் ஸ்மித்துக்கு இராணுவ நீதிமன்றம் கண்டனம் மட்டுமே விதித்தது. பின்னர் அவர் ஓய்வில் அனுப்பப்பட்டார்.

இந்த விஸ்தரிப்பின் பின்னே கணக்கு இருந்தது. 1893 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் அமெரிக்க ஆலைகள் சந்தை தேடின. சீன வர்த்தகத்துக்குப் படிக்கல் வேண்டும், கப்பல்களுக்கு நிலக்கரி ஏற்றும் துறைகள் வேண்டும். எதிர்த்த அமெரிக்கரும் இருந்தனர். மார்க் ட்வெயின் அவர்களில் ஒருவர். ஆனால் எதிர்த்தவர்களிற் சிலரின் காரணம் வேறு: வெள்ளையரல்லாதோர் தமது நாட்டுக்குள் வந்துவிடுவர் என்ற அச்சம்.

1914 இல் உலக யுத்தம் மூண்டபோது அமெரிக்கா நடுநிலை என்றது. ஆயினும் அதன் சரக்கும் வங்கிக் கடனும் பெருமளவு பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்குமே போய்ச் சேர்ந்தன. நடுநிலை நாடாக இருந்தபடியே 1915 இல் ஹெயிட்டியையும் 1916 இல் டொமினிக்கன் குடியரசையும் தன் படைகளால் பிடித்துக்கொண்டது. 1917 மார்ச்சில் புவேர்ட்டோ ரிக்கோ மக்களுக்குக் குடியுரிமை வழங்கியது. ஏப்ரல் 6 இல், ஜேர்மன் நீர்மூழ்கிகளின் தாக்குதல்களை முன்வைத்து, யுத்தத்தில் இறங்கியது. கட்டாய ஆட்சேர்ப்பு அந்தப் புதிய குடிமக்களையும் பிடித்தது. ஆனால் தீவில் வசிப்போருக்கு ஜனாதிபதித் தேர்தலில் வாக்கில்லை. இன்றைக்கும் இல்லை.

1918 ஜனவரியில் வில்சனின் பதினான்கு அம்சங்கள் வந்தன. அவற்றில் சுயநிர்ணயம் என்ற சொல்லே கிடையாது. பெப்ரவரி உரையில்தான் அதைக் கூறினார். ஒடுக்கப்பட்டோர் அதற்கு முன்னரே அவரை நோக்கி எழுதத் தொடங்கிவிட்டனர். மதுரையிற் பிறந்தவரும் முன்னாள் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியுமான எஸ். சுப்பிரமணிய ஐயர், இந்தியாவுக்கு சுயாட்சி கேட்டு 1917 இல் வில்சனுக்குக் கடிதம் எழுதினார். அது பகிரங்கமாகிக் கண்டனம் எழவே, தமது சேர் பட்டத்தைத் துறந்தார்.

1919 இல் பாரிஸ் மாநாட்டுக்கு வியட்நாமியரின் கோரிக்கைகளைக் கொண்டுபோனவர் பின்னாளில் ஹோ சி மின் என அறியப்பட்டவர். 1911 இல் கப்பலொன்றின் சமையலறையில் எடுபிடியாக நாட்டைவிட்டுப் புறப்பட்டவர் அவர். எங்களிற் பலருக்கு அந்த வேலை தெரியும். அவர் கேட்டது தனிநாடுகூட அல்ல. பத்திரிகைச் சுதந்திரம், அரசியற் கைதிகளுக்கு மன்னிப்பு போன்றவையே. அவையும் கிடைக்கவில்லை. அதே மாநாட்டில் இனச் சமத்துவம் பற்றிய ஜப்பானின் முன்மொழிவுக்குப் பெரும்பான்மை வாக்கு விழுந்தும், ஏகமனதில்லை என்று தலைமை வகித்த வில்சன் அதைத் தள்ளிவிட்டார்.

வில்சன் பொய்யர் என்று சொல்லி முடிப்பது இலகு. ஆனால் போலந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் உண்மையிலேயே எழுந்தன. தோற்றவர்களின் வரைபடத்தை வெட்டுவதற்குச் சுயநிர்ணயம் செல்லுபடியாயிற்று; வென்றவர்களின் வரைபடத்தை அது தொடவில்லை. பிலிப்பைன்ஸின் விடுதலைக்கு வழிவகுத்த 1934 ஆம் ஆண்டுச் சட்டத்தை நெருக்கித் தள்ளியவர்களில் அமெரிக்கச் சீனி உற்பத்தியாளரும் இருந்தனர்; தீவுகளின் சீனி அவர்களுக்குப் போட்டி. அதே சட்டம் அங்கிருந்து குடியேறுவோரின் தொகையை ஆண்டுக்கு 50 பேராகக் குறைத்தது. சுதந்திரம் வந்தது 1946 இல்.

தலைநகரங்களின் வாசல்களில் மகஜர்களோடு நிற்கும் நாம் இதனை மனதிற் கொள்வது நல்லது. மகஜர் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் உள்ளேயிருப்பவர் எவருடைய வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு அதை வாசிக்கிறார் என்பதையும் கேட்கவேண்டும். வில்சனின் இராஜாங்கச் செயலாளர் லான்சிங் அச்சொல்லில் வெடிமருந்து ஏற்றப்பட்டிருப்பதாகத் தன் குறிப்பில் அஞ்சி எழுதினார். அவர் பயந்தது சரி. கொரியரும் எகிப்தியரும் வியட்நாமியரும் அதைச் சொன்னவரின் அனுமதிக்குக் காத்திராமல் தம்முடையதாக்கிக்கொண்டனர்.